எகிப்துக்கு ஆய்வுக்குப் போகிறீர்களா? கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடியில் இயங்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்துக்கு 28,500 ரூபாய் கட்டினேன். எகிப்தில் மூன்று மாதம் தங்கி ஆய்வு செய்ய என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பிக்காக. பெயரைப் போடாததற்குக் காரணம், பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். தவிர, நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு முடிகிறதும் இல்லை. தோழிகள் இரண்டு பேர் வேறு இடங்களில் இதே மாதிரி மாட்டியிருக்கிறார்கள்.

நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன், பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு. செங்கடல் துறைமுகங்களில் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள்தான் என் தலைப்பு. குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் 'பானை ஒறி' என்று கீறிய ஓடு கிடைத்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்துச் சொன்னது, கி.மு. முதல் நூற்றாண்டு. ஒறி என்பது நம் உறிதான். என் பாட்டி வீட்டு அடுப்படியில் பூனைக்கு எட்டாமல் தயிர்ச்சட்டி தொங்குமே, அந்த உறி. அதைத் தன் பானையில் எழுதிவைத்த யாரோ ஒருவர் கடல் தாண்டிப் போயிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. அங்கிருந்து தெற்கே இன்னொரு பழைய துறைமுகம், பெரெனிகே. அங்கே 1995-ல் 'கொறபூமான்' என்ற பெயருள்ள ஓடு கிடைத்தது, அப்புறம் ஓர் இந்தியச் சாடியில் ஏழரை கிலோ மிளகு, 2022-ல் பளிங்கு புத்தர் சிலை. இதையெல்லாம் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் உட்கார்ந்து பல வருடம் படித்தாகிவிட்டது. ஓடுகள் வந்த மண்ணையும் கடலையும் ஒரு முறையாவது பார்க்காமல், அங்கே வேலை செய்தவர்களோடு பேசாமல், இந்த ஆய்வை எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, கன்சல்டன்சிக்கு வருகிறேன். முதல் நாள் வரவேற்பு நன்றாகத்தான் இருந்தது. "ஈஜிப்ட் எல்லாம் ஈஸி மேடம், கனடா மாதிரி தொல்லையே இல்லை" என்றார்கள். ஒரு வாரத்தில் 'வட ஆப்பிரிக்கா: உதவித்தொகைகளும் பரிமாற்றத் திட்டங்களும்' என்று அழகாக அச்சடித்த ஒரு பட்டியல் கையில் வந்தது. பதினோரு வாய்ப்புகள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றின் விதிமுறையையும் படிக்கப் படிக்க அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

பட்டியலில் முதலில் இருந்தது எகிப்தின் ஃபுல்பிரைட் ஆணையம். 1949-ல் தொடங்கியது, பெரிய பெயர். ஆனால் அது எகிப்தியர்களை அமெரிக்காவுக்கும் அமெரிக்கர்களை எகிப்துக்கும் அனுப்பும் ஏற்பாடு. அடுத்தது கெய்ரோவில் உள்ள அமெரிக்க ஆய்வு மையம், 1948-லிருந்து இருப்பது. அவர்களுடைய உதவித்தொகைகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு தொடர்புள்ளவர்களுக்கும்தான். மூன்றாவது ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), அதன் கெய்ரோ அலுவலகம். எகிப்து ஆய்வாளர்கள் ஜெர்மனி போக அருமையான வழி, சென்னையிலிருந்து கெய்ரோ போக அதில் வழியில்லை. இன்னும் கீழே போனால் மொராக்கோவின் ரபாத்தில் உள்ள மொராக்கோ-அமெரிக்க ஆணையம், துனிசியாவின் துனிஸில் உள்ள மக்ரிப் (வடமேற்கு ஆப்பிரிக்கா) ஆய்வு மையம். நான் கேட்டதோ எகிப்து. துனிஸ் மையத்தை நடத்தும் அமெரிக்கச் சங்கத்தின் நிதியும் முக்கியமாக அமெரிக்கர்களுக்கும் மக்ரிப் நாடுகளின் ஆய்வாளர்களுக்கும் உரியது.

பரிமாற்றம் என்றாலே இரண்டு நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கல். எகிப்தில் இருக்கும் ஒரு ஆய்வாளருக்கு இந்தப் பட்டியல் தங்கம். அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், இந்தியா என்று நாலு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. அதே பட்டியலை இந்தியக் குடிமகள் ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு அலைவது, அடுத்த வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையோடு மண்டபத்துக்குப் போவது மாதிரி. பதினொன்றில் நான் விண்ணப்பிக்கத் தகுதியுள்ளது ஒன்றுகூட இல்லை. இதைப் பட்டியலைத் தயாரித்தவர்கள் ஒரு முறை படித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான், பணத்துக்காக இல்லை. தகுதியில்லாத ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு, பதிலுக்காக ஒரு வருடம் காத்திருந்து, கடைசியில் தன் ஆய்வில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய சேதம் சான்றிதழ் விஷயத்தில். என் முதுகலைப் பட்டத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் 'அப்போஸ்டில்' வாங்கிக் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகவும் வசூல். அப்போஸ்டில் என்பது 1961-ல் ஹேகில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி ஒட்டப்படும் முத்திரை, அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் மட்டும்தான் செல்லும். இந்தியாவில் அது 2005-ல் நடைமுறைக்கு வந்தது, மொராக்கோவில் 2016-ல், துனிசியாவில் 2018-ல். எகிப்து சேரவில்லை. எகிப்துக்கு வேண்டியது பழைய முறை: முதலில் பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மைச் சான்று, அதை வைத்து மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியில் டெல்லியிலுள்ள எகிப்துத் தூதரகம். நான் அனுப்பிய நகலைப் பார்த்த, கெய்ரோவில் என்னை அழைத்த பல்கலைக்கழகத்தின் அலுவலகம் இரண்டே வரியில் திருப்பி அனுப்பிவிட்டது. உண்மைத்தன்மைச் சான்றுக்குக் கல்லூரி விடுப்பு போட்டு அலைந்ததிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன், ஏழு வாரம் போனது. இரண்டாவது முறை என்னோடு சேர்ந்து அலைந்தது அந்தத் தம்பிதான். எந்த மேசையில் எந்த நகலைக் கொடுக்க வேண்டும், மூலச் சான்றிதழை எங்கே காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. டெல்லித் தூதரகத்துக்கு அனுப்பும் வேலையையும் சுத்தமாக முடித்துக் கொடுத்தார். "எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் அப்போஸ்டில்னு பழக்கமாயிடுச்சு மேடம்" என்று அவரே வருத்தப்பட்டார். அமைச்சகம் ஓர் ஆவணத்துக்கு அப்போஸ்டில் கட்டணமாக வாங்குவது 50 ரூபாய், அதற்கு மேல் வருவது சேவைக் கட்டணமும் இவர்கள் லாபமும். வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகம் சென்னையிலேயே இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கும் சுலபமான வழி சொன்னார்கள், சுற்றுலா விசாவில் போய்விட்டு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று. கேட்காதீர்கள். என்னை அழைத்த பேராசிரியரிடம் சொன்னபோது "டொக்டோரா, அப்படி வரவே வராதீர்கள்" என்றார். அங்கே பெண் ஆசிரியர்களை அப்படி, அதாவது டாக்டர் என்றுதான் அழைக்கிறார்கள், பட்டம் இன்னும் வாங்கவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்து ஆய்வு செய்ய வரும் வெளிநாட்டவருக்குப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும், எனக்கு அது வர நான்கு மாதம். அகழாய்வுப் பொருள்களைத் தொட்டுப் பார்ப்பதற்கோ தொல்பொருள் துறையின் உச்சக் குழு தனியாக அனுமதிக்க வேண்டும். எனக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. ஓடுகளைக் கையில் எடுக்காமல்தான் திரும்பினேன், அடுத்த முறைக்கு இப்போதே விண்ணப்பம் தயாராகிறது.

அந்தப் பேராசிரியரைப் பிடித்த வழியைச் சொல்கிறேன், இந்தப் பதிவை எழுதியதே அதற்காகத்தான். யாரையும் பணம் கொடுத்துப் பிடிக்கவில்லை. செங்கடல் பானைகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அதில் தமிழ்நாட்டுக் கருப்பு சிவப்புப் பானைகள் பற்றி எனக்கு இருந்த இரண்டு சந்தேகங்களை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, என் களப்பணிப் படங்கள் நான்கை இணைத்து அனுப்பினேன். உதவித்தொகை என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒன்பது நாளில் பதில் வந்தது, கேள்விக்கு மேல் கேள்வியாக. இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தபிறகுதான் வரலாமா என்று கேட்டேன், அவரே துறையிடம் பேசி அழைப்புக் கடிதம் வாங்கித் தந்தார். அந்த ஒரு கடிதத்தைக் காட்டியபிறகுதான் என் கல்லூரி விடுப்பு கொடுத்தது, விசா வேலை நகர்ந்தது. இந்தியாவில் பணம் கேட்பதற்கும் அதுதான் அடிப்படை. வரலாற்று ஆய்வாளர்களுக்கு இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம் வெளிநாட்டுப் பயண உதவி தருகிறது, சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்திலும் வெளிநாட்டில் தரவு திரட்ட உதவி உண்டு. கன்சல்டன்சியின் பட்டியலில் இந்த இரண்டுமே கிடையாது. நான் நேரத்துக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டேன், அதனால் டிக்கெட்டும் தங்கும் செலவும் என் சேமிப்பிலிருந்து போயின.

கெய்ரோவில் என் நாள்கள் பெரும்பாலும் நூலகங்களில் கழிந்தன. 1880-லிருந்து இருக்கும் பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனத்தின் நூலகத்துக்காகவே ஒருவர் எகிப்து போகலாம். சென்னையில் பல வருடம் தேடியும் கிடைக்காத அகழாய்வு அறிக்கைகளை அங்கே ஒரே அலமாரியில் பார்த்தபோது என்ன செய்வது என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஜமாலிக் பகுதியில் டச்சு-ஃப்ளெமிஷ் நிறுவனம் இருக்கிறது, ஆய்வாளர்களைச் சந்திக்க நல்ல இடம். வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள், முதல் வாரம் நான் ஞாயிறு காலை தூங்கி ஒரு வேலை நாளை இழந்தேன். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவக்காரர்களுக்குக் குஷாரி இருக்கிறது: சோறு, மைசூர் பருப்பு மாதிரி ஒன்று, மக்ரோனி, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும்.

கடைசி வாரம் குசேருக்குப் பேருந்தில் போனேன். ஊருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே பழைய துறைமுகம். வெறும் மணல்மேடு, பக்கத்தில் ஓட்டல் கட்டடம், எதிரே கடல். காலுக்கடியில் சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகள் கிடந்தன, குனியக்கூட இல்லை, எடுப்பது குற்றம். அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இன்னொன்று. எகிப்தியர்கள் இங்கே வருவதற்கு இருக்கும் வழி நமக்கிருப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தின் உதவித்தொகைக்கு அவர்கள் நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கெய்ரோவில் மௌலானா ஆசாத் பண்பாட்டு மையமும் இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிக்கு இந்திய அரசு 1964-ல் தொடங்கிய ஐடெக் திட்டம். அறிவியல் துறைக்காரர்கள் என்றால் ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கென்றே சி.வி.ராமன் பெயரில் ஒரு உதவித்தொகை உண்டு. 2023 குடியரசு தினத்துக்கு எகிப்து அதிபர் வந்தபோது பண்பாட்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது. உங்கள் துறைக்கு ஒரு எகிப்து ஆய்வாளர் வந்தால் அவரை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு உங்கள் மாணவருக்கு அழைப்புக் கடிதம் எழுதப்போவது அவராக இருக்கலாம். என் பேராசிரியரின் மாணவி ஒருத்தி அடுத்த வருடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கிடைத்தால் கீழடி, கொற்கை எல்லாம் நானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, கன்சல்டன்சிக்குப் போகவே கூடாதா என்றால், சான்றொப்ப அலைச்சலுக்கு மட்டும் போங்கள், அதுவும் எந்த நாட்டுக்கு என்ன முத்திரை வேண்டும் என்பதை நீங்களே அழைக்கும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கியபிறகு. மொத்தத் தொகையை முன்கூட்டியே கட்டாதீர்கள், வேலைக்கு வேலை ரசீது வாங்குங்கள். நான் அப்போஸ்டில் கட்டணத்துக்குத் தனி ரசீது வாங்கியதால்தான் அந்தத் தொகையையாவது திருப்பித் தர இப்போது சம்மதித்திருக்கிறார்கள். மீதிக்கு அடுத்த திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், போய்விட்டு வந்து இதிலேயே சேர்க்கிறேன்.