வெல்க்ரோவைச் சுத்தம் செய்ய எது நல்லது: டேப்பா, பிரஷ்ஷா, ஊசியா?

பள்ளி ஷூவின் பட்டை ஒட்டவில்லை. முட்டிக்குப் போடும் பெல்ட் நழுவுகிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பட்டை, காற்று ஏறும்போதே படபடவென்று பிரிந்துவிடுகிறது. இப்படி ஆனதும் 'வெல்க்ரோ போச்சு' என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது போயிருக்காது, அடைத்துக்கொண்டிருக்கும்.

1941-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், தன் நாயின் ரோமத்தில் ஒட்டிவந்த முட்காயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததில் பிறந்தது இந்தப் பட்டை. நம்மூர் மருளூமத்தங்காயிலும் அதே வளைந்த முள்தான். சொரசொரப்பான பக்கத்தில் குட்டிக் கொக்கிகள், மெத்தென்ற பக்கத்தில் நூல் வளையங்கள். கொக்கி எதையும் பிடிக்கும். முடியையும் நூலையும் பிடித்துவிட்டால் வளையம் நுழைய இடமிருக்காது. அதனால் முதல் கவனிப்பு கொக்கிப் பக்கத்துக்குத்தான்.

எல்லாரும் முதலில் எடுப்பது பார்சல் டேப். பசை வெளியே தெரியும்படி விரலில் சுற்றி, அழுத்தி, வெடுக்கென்று இழுப்பார்கள். மேலாக இருக்கும் தூசும் பஞ்சும் வரும், அவ்வளவுதான். டேப் கொக்கிகளின் தலையை மட்டுமே தொடுகிறது. முடியோ கொக்கிகளின் காலடியில் சுற்றிக் கிடக்கிறது. பழைய டேப்பாக இருந்தால் பசையே கொக்கியில் தங்கி, புதுத் தூசியைக் கூப்பிடும். டேப்பைக் கடைசித் துடைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டூத் பிரஷ் அதைவிடப் பல மடங்கு மேல். ஒரு சின்ன வேலை மட்டும் செய்ய வேண்டும்: கத்தரிக்கோலால் அதன் நாரைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். குட்டையான நார் விறைப்பாக நின்று கொக்கிகளுக்கு நடுவே இறங்கும். பட்டையை மேசையில் தட்டையாக அழுத்திப் பிடித்து, வரிசையின் நீளவாக்கில் ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் வெளியே வந்த பஞ்சு மறுபடி உள்ளே போய்விடும். மண், காய்ந்த சேறு, துணிப் பஞ்சு எல்லாவற்றுக்கும் இது போதும். சேறு இறுகியிருந்தால், நனைக்கக்கூடிய பொருளாக இருக்கும் பட்சத்தில், வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு சோப்புத் திரவம் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிறகு தேய்க்கலாம். ரத்த அழுத்தக் கைப்பட்டையை ஊறவைக்காதீர்கள். உள்ளே காற்றுப்பை இருக்கிறது.

தலைமுடிக்கும் தையல் நூலுக்கும் பிரஷ் பயன்படாது. அங்கே ஊசிதான். தடித்த ஊசியை இரண்டு கொக்கி வரிசைகளுக்கு நடுவே சாய்வாக நுழைத்து, அடித்தளத்தை ஒட்டியே அரை அங்குலம் தள்ளி, மேலே நெம்புங்கள். முடி ஒரு வளைவாக எழும்பும். அதன் முனையைப் புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடித்து, வரிசையோடு இழுத்தால் முழு நீளமும் கழன்றுவரும்; குறுக்கே இழுத்தால் கொக்கி நிமிர்ந்துவிடும், நிமிர்ந்த கொக்கி பிடிக்காது. ஒரு ஷூப் பட்டைக்கே பத்து நிமிடம் பிடிக்கும், பொறுமை வேண்டும். ஆனாலும் முடிச் சிக்கலுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான்.

கம்பி பிரஷ் வேகமானது. ஆனால் இரும்புக் கம்பிக்கு முன் நைலான் கொக்கி நிற்காது, வளைந்தோ ஒடிந்தோ போகும். வேண்டாம்.

மெத்தென்ற பக்கத்தில் ஊசியும் இடுக்கியும் படக்கூடாது, வளையம் அறுந்துவிடும். படுத்துக்கிடக்கும் வளையங்களை டூத் பிரஷ்ஷால் லேசாகத் தூக்கிவிடலாம். அறுந்து பொசுபொசுவென்று நிற்பவை திரும்பாது.

துவைக்கும்போது இரண்டு பக்கத்தையும் ஒட்டியே போடுங்கள். திறந்து கிடந்தால் கூடத் துவைக்கும் துணிகளின் நூலையெல்லாம் கொக்கி இழுத்துக்கொள்ளும். நைலானுக்குக் குளோரின் பிளீச்சும் சூடான இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. நனைந்த நைலானின் பிடி தளரும், அதனால் நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒட்டாவிட்டால் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று பாருங்கள். புதுக் கொக்கித் துண்டு ஒன்றைப் பழைய மெத்தைப் பக்கத்தில் ஒட்டுங்கள். கெட்டியாகப் பிடித்தால் பழைய கொக்கியை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும்போது தைப்பதா, பின்பக்கம் பசை உள்ளதை ஒட்டுவதா? மடங்குகிற, துவைக்கிற எதற்கும் தையல்தான். மூலைகளை வட்டமாக வெட்டி, கொக்கி இல்லாத ஓரக் கரையிலேயே பாலியஸ்டர் நூலால் சுற்றித் தையுங்கள். பசைப் பட்டை சுவர், பிளாஸ்டிக் மாதிரியான அசையாத பரப்புக்கு. அதைத் தைக்கப் போனால் ஊசியில் பசை ஏறித் தையல் விட்டுவிட்டு விழும். ஒட்டும் இடத்தை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, காயவிட்டு, அழுத்தி ஒட்டிய பின் 24 மணி நேரம் இழுக்காமல் விடுங்கள்.