தேக்குப் பெஞ்சுக்கு ஜப்பானிய இழுப்பு ரம்பம்

தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய தேக்குப் பெஞ்சு ஒன்றைச் செய்யத் தொடங்கியபோது, ரியோபா எனப்படும் 240 மி.மீ. ஜப்பானியக் கைரம்பத்தை வாங்கினேன். பதினாறு கழுந்துகளை, அதாவது ஒரு மரத்துண்டின் துளைக்குள் செருக மற்றொன்றின் முனையில் விடும் நாக்குகளை, அறுத்து முடித்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நம் வழக்கமான கைரம்பம் தள்ளும்போது அறுக்கும். இது இழுக்கும்போது அறுக்கும். இழுபடும் தகடு தானாகவே விறைத்து நேராக நிற்பதால், அதை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. ஒரு விளிம்பிலுள்ள பற்கள் நாரின் போக்கில் நெடுக்காகவும், மறு விளிம்பின் நுண்பற்கள் குறுக்காகவும் அறுப்பதற்கானவை.

இதன் அருமை, கழுந்தின் தோளை, அதாவது அதன் அடியில் காலின் மேல் படியும் விளிம்பை, அறுக்கும்போதுதான் தெரிகிறது. மூலைமட்டம் வைத்து, பென்சிலுக்குப் பதிலாகக் கூரிய கத்தியால் நான்கு பக்கமும் கீறி, கழிவுப் பக்கத்தில் உளியால் சிறு சரிவு எடுத்து, அந்தப் பள்ளத்தில் ரம்பத்தைப் படியவைத்து மெதுவாக இழுத்தால், நார் பிசிறாமல், பெரும்பாலும் மறுபடி சீவ வேண்டிய தேவையும் இல்லாமல், தோள் பெஞ்சுக் காலோடு ஒட்டி உட்காருகிறது. வீட்டுக்குள் இருக்கும் நாற்காலியில் மயிரிழை இடைவெளி கண்ணுக்கு மட்டுமே குறை. வெளியே கிடக்கும் பெஞ்சிலோ அதன் வழியே மழைநீர் புகுந்து, காய வழியின்றித் தேங்கி, மூட்டு இணைப்பை உள்ளிருந்தே கெடுக்கும். தேக்கிலுள்ள எண்ணெய் பசையின் பிடிப்பைக் குறைப்பதால், நான் ஒவ்வொரு மூட்டிலும் மூங்கில் ஆணியும் அடித்தேன். கழுந்திலுள்ள ஆணித்துளையை, காலிலுள்ள துளையைவிடத் தோள் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளித் துளைத்தால், அடிக்க அடிக்க ஆணியே கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும்.

குறைகளும் உண்டு. பல்முனைகள் மின்தூண்டலால் கடினமாக்கப்பட்டவை என்பதால் அரம் அவற்றில் ஏறாது. மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். தேக்கிலுள்ள சிலிக்கா எந்தக் கூர்முனையையும் விரைவில் மழுக்கும் என்பதைக் கணக்கில் கொண்டால், இது சிறிய செலவன்று. ஒரு கணுவில் நான் அவசரப்பட்டு முறுக்கியதில் இரண்டு பற்கள் உடைந்தன. கழுந்தின் பக்கங்களை நெடுக்காக அறுப்பதற்கு இது மெதுவானது. தடித்த கால்களுக்கு என் பழைய தள்ளுரம்பமே ஏற்றதாக இருந்தது. தோள் வெட்டுக்காக வாங்குபவர்கள், உபரித் தகடு ஒன்றையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.