பழைய ஸ்கைலைன்ஸா, இரண்டாம் பாகமா? மட்டக்களப்பைக் கட்ட நினைப்பவருக்கு

நகரம் கட்டும் கேம்களில் இன்று பேச்சு இரண்டைப் பற்றித்தான். ஒன்று 2015 மார்ச்சில் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ். மற்றது 2023 ஒக்டோபரில் வந்த அதன் இரண்டாம் பாகம். இரண்டையும் உருவாக்கியது பின்லாந்தின் கொலோசல் ஓடர், வெளியிட்டது பாரடொக்ஸ். 2003இன் சிம்சிட்டி 4ஐ இன்னும் விடாமல் ஆடுபவர்களும் இருக்கிறார்கள், பழைய லெப்டொப்பிலும் அது ஓடும். ஆனால் அதில் வீதிகள் கட்டத்துக்குள் அடங்கித்தான் போகும். மட்டக்களப்பு வாவிக்கரையின் வளைவுகளை அதில் போட முயன்றால் வெறுத்துவிடும், ஆகவே அதை இங்கே சேர்க்கவில்லை.

என் தெரிவு பழையது. மொட் (ஆடுபவர்களே எழுதி வெளியிடும் துணைநிரல்) போட்டு, ஒரே நகரத்தை மாதக்கணக்கில் வளர்ப்பவருக்கு அதுதான் சரி என்பது என் கணிப்பு. மொட் எதுவும் வேண்டாம், கேமை வாங்கியபடியே ஆடினால் போதும் என்பவருக்கு இந்தக் கணிப்பு பொருந்தாது.

எல்லோரும் அறிந்ததை முதலில் முடித்துவிடுவோம். இரண்டாம் பாகம் பார்க்க அழகு. வீதி போடும் கருவிகள் மொட் இல்லாமலே திறமாக இருக்கின்றன. சமாந்தர வீதியும் சுற்றுவட்டமும் சில கிளிக்கில் முடிந்துவிடும். பழையதில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வாகனங்கள் 16,384 மட்டுமே. இரண்டாம் பாகத்தில் அப்படி இறுக்கமான எல்லை இல்லை. அதற்குப் பதிலாகக் கணினியைப் பிழிந்தெடுக்கும். குறைந்தபட்சத் தேவையே ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்ட், பரிந்துரைப்பது ஆர்டிஎக்ஸ் 3080, டிஸ்க்கில் 60 ஜிபி. அந்தத் தரத்துக் கார்டில் பெரிய நகரம் எப்படி ஓடும் என்பதற்கு இந்த அலசல் சாட்சி இல்லை. இங்கே சொல்வதெல்லாம் 16 ஜிபி ரெம் உள்ள நடுத்தரக் கணினியை வைத்து. விலையைப் பொறுத்தவரை ஸ்டீம் என்ற இணையக் கடையில் இரண்டுக்கும் டொலரில்தான் கட்ட வேண்டும், பழையது தள்ளுபடியில் அடிக்கடி மலிவாகும். அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம், மொட் பராமரிப்பு.

மொட் என்பது ஒருமுறை போட்டுவிட்டு மறக்கும் சாமான் அல்ல. கேம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கோட் உள்ள மொட்கள் உடையலாம். பழைய ஸ்கைலைன்ஸில் பெரிய விரிவாக்கங்கள் வருவது 2023க்குப் பின் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் மொட் எழுதுபவர்களும் தங்கள் வேலையை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். இன்று வேலை செய்யும் தொகுப்பு அடுத்த வருடமும் வேலை செய்யும் என்று ஓரளவு நம்பலாம். இரண்டாம் பாகம் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது. கோட் மொட்களுக்கே 2024 மார்ச்சில்தான் வழி திறந்தது. கொலோசல் ஓடர் விலகி, 2026 தொடக்கத்திலிருந்து ஐஸ்ஃப்ளேக் ஸ்டூடியோஸ் பொறுப்பேற்கும் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். புதிய கை வந்தால் திருத்தங்கள் வரும், ஒவ்வொரு திருத்தத்தோடும் மொட்களைப் பார்க்கும் வேலையும் வரும். கேமுக்கு அது நல்லது. பாதி கட்டிய நகரத்துக்கு அது தலையிடி.

பழையதில் ஒரு மொட்டைப் போடுமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நாளைக்கு இதை எடுத்துவிட்டால் சேவ் (சேமித்துவைத்த நகரக் கோப்பு) திறக்குமா? மூவ் இட், ஃபைண்ட் இட் 2, எஃப்பிஎஸ் பூஸ்டர் போன்றவை சேவ் திறப்பதற்குத் தேவையானது எதையும் விட்டுவைப்பதில்லை, தயங்காமல் போடலாம். ட்ரஃபிக் மனேஜர் பிரசிடென்ட் எடிஷன், நோட் கொன்ட்ரோலர் போன்றவை தங்கள் அமைப்புகளைச் சேவுக்குள் எழுதும். எடுத்தால் சந்திகள் பழையபடி ஆகிவிடும், நகரம் தப்பும். பயப்பட வேண்டியது மூன்றாவது வகைக்கு. நெட்வேர்க் எக்ஸ்டென்ஷன்ஸ் 2 தரும் வீதிகள், முழு வரைபடத்தையும் கட்டத் திறந்துவிடும் 81 டைல்ஸ் 2, வொர்க்ஷொப்பில் (ஸ்டீமின் மொட் களஞ்சியம்) இறக்கிய தனி வீதிகள் எல்லாம் நகரத்தின் எலும்பாகிவிடும். வீதி மொட்டை எடுத்தால் அந்த வீதிகள் காணாமல் போகும், அதை ஒட்டிய கட்டிடங்களும் கைவிடப்படும். 81 டைல்ஸ் உள்ள சேவை அது இல்லாமல் திறக்கப் பார்க்கவே வேண்டாம். ஆகவே இந்த மூன்றாவது வகையில் ஐந்தாறுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. எவை எவை என்று ஒரு தாளில் எழுதிவைத்தால் இன்னும் நல்லது.

போடும் ஒழுங்கும் உண்டு. முதலில் ஹார்மனி. பெரும்பாலான மொட்கள் அதன் தோளில்தான் நிற்கின்றன. ஒன்றே ஒன்று போதும். 2022இல் மாற்றி எழுதப்பட்ட ஒரு ஹார்மனியும் அதோடு சேர்ந்த சில மொட்களும், பயனாளிக்குத் தெரியாமல் தானாகக் கோட் இறக்கும் வேலை செய்ததால் வொர்க்ஷொப்பிலிருந்து நீக்கப்பட்டன. பழைய பட்டியல்களைப் பார்த்து மொட் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்து லோடிங் ஸ்க்ரீன் மொட்டின் திருத்திய பதிப்பு, அதன்பின் ட்ரஃபிக் மனேஜர், மூவ் இட். எல்லாவற்றையும் ஸ்கைவ் என்ற நிர்வாகிக்குள் வைத்தால் எது எதோடு முட்டும் என்று அதுவே சொல்லும். ஒரே தடவையில் நாற்பது மொட்டைச் சேர்க்காமல் ஐந்தைந்தாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வெற்று வரைபடம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பிழை வந்தால் பாதியை அணைத்துப் பாருங்கள், பிறகு அந்தப் பாதியில் பாதியை. நாற்பது மொட் என்றாலும் ஐந்தாறு தடவையில் குற்றவாளி கிடைத்துவிடும். கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் சிட்டீஸ் டேட்டா என்ற இடத்தில் அவுட்புட் லொக் கிடக்கும். அதில் முதலில் வரும் பிழையைத்தான் பார்க்க வேண்டும். கீழே குவிந்திருப்பவை பெரும்பாலும் அதன் பின்விளைவு.

அடுத்தது ரெம். பழையதில் நீங்கள் சேர்த்த கட்டிடம், மரம், வாகனம் அத்தனையும், நகரத்தில் பயன்பட்டாலும் படாவிட்டாலும், திறக்கும்போதே நினைவகத்தில் ஏறும். ஆயிரக்கணக்கில் சேர்த்தால் 16 ஜிபி நிரம்பி, திறக்கும் திரையிலேயே கேம் விழுந்துவிடும். லோடிங் ஸ்க்ரீன் மொட்டில், சேவில் பயன்பட்டவற்றை மட்டும் ஏற்றும் தெரிவை இட்டு, ஒரே டெக்ஸ்சரை (பொருளின் மேற்பரப்புப் படம்) பகிரும் தெரிவையும் இடுங்கள். விண்டோஸ் பேஜ் ஃபைலை (ரெம் நிரம்பினால் டிஸ்க்கில் பயன்படும் இடம்) எஸ்எஸ்டியில் 16 ஜிபிக்குக் குறையாமல் வையுங்கள். அந்த மொட் ஒவ்வொரு முறையும் எழுதும் அறிக்கையில் காணாமல் போன பொருட்களின் பட்டியல் இருக்கும். மாதம் ஒருமுறை அதைப் பார்ப்பது போதுமான பராமரிப்பு.

டேட்டா விஷயமும் இதோடு சேர்ந்ததே. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி அளவு உள்ள இணையப் பொதி வைத்திருப்பவர்கள் ஸ்டீமின் டவுன்லோட் அமைப்பில் புதுப்பிக்கும் நேரத்தை நடுச்சாமத்துக்கு மாற்றலாம். வொர்க்ஷொப் பொருட்கள் ஸ்டீமின் வொர்க்ஷொப் கொன்டென்ட் ஃபோல்டருக்குள் 255710 என்ற எண்ணின் கீழ் இருக்கும். அதை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்தால், விண்டோஸ் மறுபடி போடும்போது எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டிவராது. இரண்டாம் பாகத்தில் மொட்கள் வருவது பாரடொக்ஸ் மொட்ஸ் வழியாக. தனிக் கணக்கு வேண்டும், அதன் பிளேசெட் (சேர்த்து ஏற்றும் மொட்களின் பட்டியல்) அமைப்புக்குப் பழக வேண்டும். ஒரு நகரத்துக்கு ஒரு பிளேசெட் என்று பிரித்துவைக்கும் வசதி பழையதைவிட நேர்த்தி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இலவசமாகத் தரும் பிராந்தியத் தொகுப்புகள் ஒவ்வொன்றும் பெரிய டவுன்லோட். யப்பான், பிரான்ஸ், ஜெர்மனி என்று இருக்கும் அந்த வரிசையில் நமது ஊர்ச் சாயலில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் பாகம் தெளிவாக வெல்லும் இடம் நிலப்படம். பழையதில் உயரப்படம் (நிலத்தின் உயரத்தைச் சாம்பல் நிறத்தின் அடர்த்தியில் காட்டும் படம்) 1081க்கு 1081 பிக்செல், ஒரு பிக்செல் 16 மீற்றர், மொத்தம் 17.28 கிலோமீற்றர் சதுரம். இரண்டாவதில் 4096க்கு 4096, ஒரு பிக்செல் 3.5 மீற்றர், ஆடும் பரப்பு 14.336 கிலோமீற்றர். வாவியில் கலக்கும் சிறு ஓடைகள் இரண்டாவதில் உருவத்தோடு வரும். பழையதில் 50 மீற்றருக்குக் குறைந்த நீரோட்டத்தை வேண்டுமென்றே அகட்டாவிட்டால் தண்ணீர் ஓடாது. வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தைப் பழையதில் குறைந்தது மூன்று பிக்செல் அகலத்துக்கு வெட்டுங்கள்.

பாலமீன்மட்டிலிருந்து ஆரையம்பதி வரை பழையதின் சதுரத்துக்குள் வசதியாக அடங்கும். தெற்கே அம்பிளாந்துறைப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகுத்துறை) வரை வேண்டுமென்றால் படத்தைக் கீழே நகர்த்த வேண்டும், அப்போது முகத்துவாரம் வெட்டுப்படும்.

நமது நிலத்துக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. மலைநாட்டுப் படத்தில் இரண்டு மீற்றர் பிழை கண்ணுக்கே தெரியாது. இங்கே முழு ஊரும் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றருக்குள்தான் கிடக்கிறது. பழைய கேமில் உயரத்தின் உச்சம் 1024 மீற்றர், கடல் மட்டம் தானாகவே 40 மீற்றரில் நிற்கும். 16 பிட் சாம்பல் படத்தில் ஒரு மீற்றர் என்பது 64 அலகு. ஆகவே கடல் மட்டம் 2560. கரைநிலம் மூன்று மீற்றர் மேலே என்றால் 2752, வாவியின் அடி மூன்று மீற்றர் கீழே என்றால் 2368. இதே படத்தைத் தவறுதலாக 8 பிட்டில் சேமித்தால் ஒவ்வொரு படியும் நான்கு மீற்றராகிவிடும். 40க்கு அடுத்தது 44தான். நகரின் மையமான புளியந்தீவு ஒன்றில் தண்ணீருக்குள் போகும், இல்லையென்றால் மேசைபோல் எழும்பி நிற்கும். செய்மதி உயரத் தரவு பெரும்பாலும் முழு மீற்றர்களில் வருவதால் 16 பிட்டிலும் வயல்வெளி படிப்படியாகத் தெரியும். இரண்டு மூன்று பிக்செல் மங்கலாக்கினால் சரியாகும். அந்தத் தரவு வாவியின் ஆழத்தைத் தராது, நீர்மட்டத்தையே தரையாகக் காட்டும். வாவியைக் கையால் தோண்டத்தான் வேண்டும். வேறு வழியில்லை.

படம் ஏறியதும் வீதி. புதிய நகரம் தொடங்கும் திரையிலேயே இடப்பக்க ஓட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள், இரண்டு கேமிலும் அந்தத் தெரிவு உண்டு. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாச் சந்தியையும் திருப்பிக் கட்டும்படி ஆகிவிடும். வொர்க்ஷொப்பில் கிடைக்கும் ஆயத்தச் சந்திகள் பெரும்பாலும் வலப்பக்க ஓட்டத்துக்குச் செய்தவை, இடப்பக்கத்துக்கு என்று குறித்தவற்றையே எடுங்கள்.

கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள நிலத்துண்டில் ஏ4 வீதிதான் முதுகெலும்பு. கல்முனைப் பக்கமிருந்து வருவதெல்லாம் அதன்வழியே காத்தான்குடியைக் கடந்து கல்லடிப் பாலத்தில் வந்து குவியும். கேமிலும் இது அச்சொட்டாக நடக்கும். பாலத்துக்கு ஒரு கிலோமீற்றருக்கு முன்பே வாகனங்கள் ஒரே ஒழுங்கையில் (வீதியின் ஒரு தடத்தில்) வரிசை கட்டி, மற்ற ஒழுங்கை வெறுமையாகக் கிடக்கும். காரணம் பாலத்தைக் கடந்ததும் வரும் முதல் சந்தி. எல்லோரும் அங்கே ஒரே பக்கம் திரும்ப வேண்டியிருப்பதால் அதற்குரிய ஒழுங்கையை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். ட்ரஃபிக் மனேஜரின் ஒழுங்கை இணைப்பானால் அந்தச் சந்தியில் இரண்டு ஒழுங்கையிலிருந்தும் திரும்ப விடுங்கள். பாலத்தின் இரு முனையிலும் 150 மீற்றருக்குள் குறுக்கு வீதி எதையும் இணைக்காதீர்கள். நிலத்துண்டில் கடற்கரையோரமாக ஒரு சமாந்தர வீதி போட்டு, ஏ4இல் குறுக்கே திரும்புவதைச் சில சந்திகளில் மட்டும் அனுமதியுங்கள். தேங்கிய வாகனம் தானாக மறையும் வசதியை முதல் நாளே அணைத்துவிடாதீர்கள். நெரிசல் தீர்ந்தபின் அணைத்தால்தான் உண்மையான நிலைமை தெரியும், முன்பே அணைத்தால் நகரம் முழுதும் இறுகிவிடும்.

இரண்டாம் பாகத்துக்கும் ட்ரஃபிக் என்ற மொட்டும், ரோட் பில்டரும் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. கணினி பலமாக இருந்து, கேம் புதுப்பித்த நாளில் மொட்களை அணைத்துவைத்து ஒரு வாரம் பொறுக்க மனமும் இருந்தால் அதை எடுக்கலாம். அப்படி எடுத்தாலும் மூன்றாவது வகை மொட்கள் பற்றிய எச்சரிக்கை அங்கேயும் அப்படியே பொருந்தும்.

பழையதை எடுப்பவர் விரிவாக்கங்களை அள்ளிக்கொள்ள வேண்டாம். சைக்கிள் பாதைக்கு ஆஃப்டர் டார்க், வாவியில் படகு விட மாஸ் ட்ரான்சிட், மீன்பிடிக்குச் சன்செட் ஹாபர் என்று மூன்று போதும். பனிமழைக்காக ஸ்நோஃபோல் வாங்க இங்கே அவசியமில்லை, ட்ராம் ஓடவேண்டும் என்றால் ஒழிய. வாங்கி முடிந்ததும் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 10 நிமிடமாக்குங்கள். அது ஒரே பெயரில்தான் மேலே மேலே எழுதும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அந்த ஒரு கோப்பும் பழுதாகும், ஆகவே இரண்டு பெயரில் மாறிமாறிக் கையாலும் சேமித்துவாருங்கள்.