ஆப்டிமிஸ்ட்டா, லேசரா? கரையில ரெடி பண்றதுக்கு எது ஈஸி?

பாய்மரப் படகு கத்துக்க நினைக்கிறவங்க நிறைய பேர், ஒரே ஆள் ஓட்டற இந்த ரெண்டு சின்னப் படகுல குழம்பறாங்க. லேசருக்கு இப்போ பேரு ஐஎல்சிஏ.

பாய் மாட்ட:
ஆப்டிமிஸ்ட் – மாஸ்ட்லயும் (நிக்கற கம்பம்) பூம்லயும் (பாய்க்கு அடியில படுத்திருக்கற கம்பு) பாயை சின்னச் சின்ன கயிறா ஒவ்வொண்ணா கட்டணும், பாய்க்கும் கம்புக்கும் இடைவெளி 10 மி.மீ. தாண்டக்கூடாது, அப்புறம் பாயோட மேல் மூலையைத் தூக்கிப் பிடிக்கற ஸ்ப்ரிட் கம்பை மாட்டி டைட் பண்ணணும், பசங்க பொறுமை போயிடும் ஆனா முடிச்சு போட நல்லா கைவந்துடும், எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்சது.
லேசர் – மாஸ்ட் ரெண்டு துண்டு, சொருகிட்டு பாயோட உறையை மேல இழுத்துவிட்டா போதும்.

வெயிட்:
ஆப்டிமிஸ்ட் சுமார் 35 கிலோ, மாஸ்ட்டை பசங்களே நிறுத்திடுவாங்க.
லேசர் கிட்டத்தட்ட 59, காத்து அடிச்சா மாஸ்ட் நிறுத்த கூட ஒரு ஆள் இருந்தா நல்லது.

செக் பண்ண:
ஆப்டிமிஸ்ட் – கவிழ்ந்தாலும் படகை மிதக்க வைக்கற காத்துப் பை 3ம் ஊதியிருக்கா?
லேசர் – பின்னாடி தண்ணி வடியற ஓட்டைக்குத் தக்கை போட்டாச்சா?
படகு கவிழ்ந்தா மாஸ்ட் கழண்டு வராம இருக்க கட்டற கயிறு ரெண்டுக்குமே வேணும், தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. பாய் ஏத்தும்போது படகு மூக்கு காத்தைப் பார்த்தே இருக்கட்டும்.

விலை ஆப்டிமிஸ்ட்தான் கம்மி.

15 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு கண்ணை மூடிட்டு ஆப்டிமிஸ்ட். பெரியவங்களுக்கு லேசர், ஒல்லியா இருந்தா 4.7 சதுர மீட்டர் பாய் போட்ட ஐஎல்சிஏ 4, கொஞ்சம் வெயிட் இருந்தா அதைவிடப் பெரிய பாய் போட்ட ஐஎல்சிஏ 6, நம்ம சென்னை பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ல ஓட்டினது அந்த வகைதான்.