மசாய் மாராவா, க்ரூகரா?

ஆப்பிரிக்க சஃபாரி என்று முடிவானதும் பலரும் திணறுவது இந்த இரண்டு வனவிலங்குக் காப்பகங்களுக்கும் நடுவில்தான்.

செலவு
மாரா (கென்யா): வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே நாளுக்கு 200 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை. மற்ற மாதங்களில் 100. வண்டி, ஓட்டுநர் தனி.
க்ரூகர் (தென்னாப்பிரிக்கா): கட்டணம் இதில் சிறு பங்குதான். வேலியிட்ட முகாம்களில் சமைத்தும் சாப்பிடலாம்.

வசதி
க்ரூகர்: வாடகைக் காரை நீங்களே ஓட்டலாம். தார்ச்சாலையில் 50 கி.மீ. வேகம்தான், கதவு மூடுவதற்குள் முகாம் திரும்பிவிட வேண்டும்.
மாரா: வழிகாட்டியோடு போவதே நல்லது. மழை பெய்தால் சக்கரம் சேற்றில் புதையும்.

காட்சி
மாரா: இதில் அடித்துக்கொள்ள ஆளில்லை. திறந்த புல்வெளி, சிவிங்கிப்புலியை (சீட்டா) தொலைவிலேயே பார்த்துவிடலாம். ஜூலை–அக்டோபரில் வில்டபீஸ்ட் (பெரிய மான் வகை) மந்தைகள் ஆற்றைக் கடக்கும். சில சமயம் கரை வரை வந்து, தண்ணீரை முகர்ந்துவிட்டு மொத்த மந்தையும் திரும்பிவிடும். பொறுமை வேண்டும் சாமி!
க்ரூகர்: புதர்க்காடு. மே–செப்டம்பர் வறட்சியில் விலங்குகள் நீர்நிலைக்கு வரும்.

மலேரியா அபாயம் இரண்டிலும் உண்டு. கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

குடும்பத்தோடு, சிக்கனமாக என்றால் க்ரூகர். ஆற்றைக் கடக்கும் காட்சிதான் கனவு என்றால் மாரா. தங்குமிடத்தை மட்டும் வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.