தும்பனோடு ஆறு வருடம்: வன்னி வளவில் ஒரு டெரியர் கலப்பு

சின்ன நாய், சின்னச் சாப்பாடு, சின்ன வேலை என்று சொல்லித்தான் வவுனியாவில் இருக்கும் மச்சான் குட்டியைத் தலையில் கட்டினார். மூன்றில் சாப்பாடு மட்டும்தான் சரி.

2019 ஆவணியில் இரண்டு மாதக் குட்டியாக பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். தாய் கொழும்பிலிருந்து வந்த வெள்ளை டெரியர். தகப்பன் யாரென்று கேட்டதற்கு மச்சான் வேலியைக் கையால் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்த ஏதோ ஊர் நாய். இப்போது ஏழரைக் கிலோ. கட்டைக் கால், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். உடம்பெல்லாம் தேங்காய்த் தும்பு போலச் சொரசொரத்த முடி. மகள் முதல் நாளே ‘தும்புத்தடி’ என்று பெயர் வைத்தாள். அது தேய்ந்து தும்பன் ஆகிவிட்டது.

எங்கள் இடம் கிளிநொச்சி மாவட்டத்தில் தர்மபுரத்துக்குப் பக்கம், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. வயல், கிணறு, வாழை, பத்துப் பதினைந்து தென்னை, பின்னால் பற்றை. இப்படியான வளவில் டெரியர் வளர்க்க நினைப்பவர்கள் அடிக்கடி என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சொல்வதை ஒருமுறை எழுதிவிடலாம் என்று பார்த்தேன்.

முதலில் அம்மாவின் நிபந்தனை. அவருக்கு நாயே வேண்டாம் என்றுதான் இருந்தது. 2009 தையில் போர் நெருங்கி வளவை விட்டு வெளிக்கிட்டபோது கட்டியிருந்த நாயை அவிழ்த்து விட்டுவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்தபோது பலாமரத்தில் சங்கிலி மட்டும் கிடந்தது. குட்டியைக் கண்டதும் அம்மா சொன்னது இவ்வளவுதான்: “வளர்க்கிறதெண்டால் வளர் தம்பி. சங்கிலி போடக்கூடாது.”

சங்கிலி இல்லை என்றால் வேலி சரியாக இருக்க வேண்டும். வேலியை வைத்து டெரியரை நிறுத்துவது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிரித்தானியாவில் நரியையும் எலியையும் வளைக்குள்ளேயே போய் மடக்குவதற்கென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்த்த நாய்கள் இவை. ஆகவே கிண்டாதே என்று ஏசுவதில் பலன் இல்லை. வாழையடியில் கிண்டியதற்கு ஏசினால் வேலிக் கதியாலடியில் கிண்டும். ஏழு மாதத்தில் முதல் தடவை வேலிக்குக் கீழால் வெளியே போனான். அடுத்த மாதத்துக்குள் இன்னும் நான்கு தடவை. கடைசியில் பழைய கூரைத் தகரங்களை ஒரு அடி ஆழத்துக்கு வேலியோரம் நட்டேன். மூன்று சனி ஞாயிறு போனது, கையும் கிழிந்தது. ஆனால் அதைவிடப் பலன் தந்தது வேறொன்று: கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாழைப் புட்டியை அவனுக்கென்று விட்டுக்கொடுத்தேன். அங்கே எலும்பைப் புதைத்து வைத்து அவனையே கிண்ட விட்டேன். இப்போது பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் குழிக்குள் வயிற்றை ஈர மண்ணில் வைத்துப் படுத்திருப்பான். இரண்டு வாழைக்குட்டிகள் போயின. பரவாயில்லை.

எங்கள் பக்கத்தில் கிண்டுகிற நாய் வைத்திருப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தும்பன் இதுவரை எடுத்துத் தந்தவை: துருப்பிடித்த வெற்றுத் தோட்டாக் கோதுகள், ஒரு ரிபன் கரியர் மூடி, ஒரு சின்னப் பிள்ளையின் இடது கால் செருப்பு. செருப்பை அம்மா வாங்கிக் கழுவி எங்கோ வைத்துவிட்டார். ஒருநாள் பின் எல்லையில் உருண்டையாக இரும்பு ஒன்று பாதி தெரிந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே காலடி பார்த்துத் திரும்பி, தூரத்திலேயே ஒரு தடியை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டுக் கிராம அலுவலருக்குச் சொன்னேன். ஆட்கள் வந்து பார்த்தார்கள். பழைய தண்ணீர்ப் பம்பியின் துண்டு. ஊரே ஒரு கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தது. நாளைக்கு இன்னொன்று தெரிந்தாலும் அதையேதான் செய்வேன்.

சரி, இவ்வளவு கரைச்சலுக்கும் என்ன லாபம்? எலி. காலபோக நெல்லை வீட்டுக்குள் அடுக்கி வைக்கிறவர்களுக்கு எலி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பூனை வைத்திருந்தோம். அது பசித்தால்தான் பிடிக்கும். தும்பனுக்குப் பசி ஒரு விஷயமே இல்லை. மூடைகளுக்கு முன்னால் ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி, தலையைச் சரித்து, மூச்சுக்கூட விடாமல் நிற்பான். கால் மணி நேரம் நிற்பான். பிறகு ஒரு பாய்ச்சல், கழுத்தில் ஒரு பிடி, ஒரே ஒரு உதறல். அவ்வளவுதான், கீழே போட்டுவிட்டு அடுத்த மூடைக்குப் போய்விடுவான். தின்பதில்லை. ஒரு காலை வைக்கோலைப் பிரட்டும்போது பதினொன்று பிடித்தான். பக்கத்து வயல் அண்ணை எண்ணினார், நான் எண்ணவில்லை. அகழான் என்கிற பெருச்சாளியோடு மட்டும் சண்டை நீளும். மூக்கில் இரண்டு தழும்பு இருக்கிறது.

எலி பிடிக்கிற நாய்க்கு எலிக்காய்ச்சலும் வரும், எலி மருந்து தின்ற எலியாலும் ஆபத்து. முதலாவதற்கு வருடாந்தத் தடுப்பூசியில் பாதுகாப்பு இருக்கிறது. எலிக்காய்ச்சலை நாய் எங்களுக்கும் தரலாம் என்பதால் அதைத் தவற விடுவதில்லை. இரண்டாவதற்கு அக்கம்பக்கம் நான்கு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னேன்: மருந்து வைத்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கோ, நான் நாயை உள்ளே வைத்திருக்கிறேன் என்று. மூன்று வீடு சொல்கிறது.

இனி உண்ணி. ஆறு வருட அனுபவத்தில் பாதி இதுதான். குறுகத் தறித்த முடி என்றால் உண்ணி கண்ணுக்குத் தெரியும். தும்பு முடிக்குள் விரலை விட்டுத்தான் தேட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் மின்குமிழுக்குக் கீழே மடியில் மல்லாக்காகப் போட்டுக்கொள்வேன். காது மடிப்பு, அக்குள், கால் விரல் இடுக்கு, வாலடி. கையில் தட்டுப்படுவது மருவா, உண்ணியா என்று இப்போது பார்க்காமலே தெரியும். இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் போத்தலுக்குள் போடுவேன். நகத்தால் நசுக்குவதில்லை. முதல் வருடம் நாயை மட்டும் கவனித்து ஏமாந்தேன். அந்த உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயில் கழிப்பதில்லை. இரத்தம் குடித்து முடிந்ததும் இறங்கிச் சுவர் வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒருநாள் விளக்கேற்றப் போன அம்மா கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் குட்டி உண்ணிகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் சுவர் வெடிப்புகளைப் பூசி, படுக்கைச் சாக்கைக் கிழமைக்கு ஒருதரம் கொதிநீரில் போடத் தொடங்கினேன்.

பயிருக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கரைத்து நாய்க்கு ஊற்றும் வழக்கம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நாய் நக்கும், தோலாலும் உள்ளே போகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு நல்ல நாய் அப்படித்தான் போனது.

2022 ஆவணியில் தும்பன் சோற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். எலி ஓடியும் எழும்பவில்லை. முதலில் காட்டிய இடத்தில் சத்து மருந்து தந்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் தேத்தண்ணிச் சாயம் போல வந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்குக்குப் பெற்றோல் அடித்த காலம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல். போய்வர மூன்று லீட்டர் பிடிக்கும். மனைவி பின்னால் இருக்க, சேலைத் துணியில் ஏணை போலக் கட்டி நெஞ்சோடு நாய். ஆனையிறவுக் காற்றில் அவன் ஒருதரம்கூடத் தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இளம் டொக்டர். நாயின் உதட்டை விரலால் உயர்த்திப் பல் ஈறைக் காட்டினார். “அண்ணை, முரசைப் பாருங்கோ. இது இளஞ்சிவப்பா இருக்கோணும்.” சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார். ஒரு ஊசி, பிறகு 28 நாள் டொக்சிசைக்கிளின். வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி எடுக்கும், பாலோடும் கொடுக்கக் கூடாது என்றார். சூடை மீன் சோற்று உருண்டைக்குள் வைத்து 28 நாளும் தந்தோம். ஒன்பதாம் நாள் மூடைக்கு முன்னால் போய் நின்றான். அந்தக் கிழமை முழுக்க நான் சைக்கிளில்தான் வயலுக்குப் போனேன் என்பது வேறு கதை.

அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு மெல்லும் உண்ணிக் குளிசை, நிறைக்கு அளந்து. விலை கூட. அந்த 28 நாளோடு ஒப்பிட்டால் மலிவு. கிழமைக்கு ஒருதரம் உதட்டை உயர்த்தி முரசையும் பார்க்கிறேன்.

பாம்பு. இதைச் சொல்லாமல் வன்னியில் நாய் பற்றி எழுத முடியாது. ஊர் நாய் பாம்பைக் கண்டால் தள்ளி நின்று குரைக்கும். டெரியருக்குப் பின்வாங்கத் தெரியாது. இது அந்த இனத்தின் வீரம் என்று சிலர் புகழ்வார்கள். எனக்கு அது குறையாகவே படுகிறது. சூடடித்து முடிந்த ஒரு மாலை வைக்கோலடியில் அவன் குரல் மாறிக் கேட்டது. எலிக்குக் குரைப்பதில்லை, ஆளுக்குக் குரைப்பது தடித்த குரல், இது கீச்சென்று ஒரே மூச்சில். போய்ப் பார்த்தால் புடையன், அதாவது கண்ணாடி விரியன், சுருண்டு கிடந்து குக்கர் போலச் சீறுகிறது. இரண்டடி தள்ளி இவன். கிட்டப் போய்த் தூக்க முடியாது. “தும்பன், வா!” என்றேன். வந்தான். நெத்தலிக் கருவாட்டுக்காகத்தான் வந்தான். குட்டியிலிருந்து அந்த ‘வா’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் கருவாடு கொடுத்துப் பழக்கியிருந்தோம், வேறு எதற்கும் கொடுப்பதில்லை. ‘இரு’, ‘கை தா’ எல்லாம் மகள் பழக்கியது, ஒன்றுக்கும் உதவவில்லை. இந்த நாயை எடுப்பவர்கள் ஒரு சொல்லையாவது இப்படிப் பழக்குங்கள், கருவாட்டில் கஞ்சத்தனம் பார்க்காமல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோறு, அவித்த மீன், பூசணி, கிழமைக்கு இரண்டு முட்டை. வெங்காயம், சொக்லேட், அவித்த கோழி எலும்பு கிடையாது. பெட்டித் தீனியை 2022இல் விலை ஏறியபோது விட்டதுதான், திரும்பவில்லை. மருந்து, ஊசி எல்லாம் சேர்த்து மாதம் ஆறாயிரம் ரூபாய் அளவில் போகிறது. வெயிலென்று முடியை முழுதாக வழிக்க வேண்டாம், தோல் வெந்துவிடும். காலை ஐந்தரைக்கும் பொழுது பட்டபிறகும்தான் நடை. தார் வீதியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், எனக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும். விசர் நோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல். ஒழுங்கை நாய்களோடு தன் உயரம் மறந்து சண்டைக்குப் போவதால் இதில் சமரசம் இல்லை. பதினொரு மாதத்தில் நலம் போட்டோம் (விதை நீக்கினோம்); அதற்குப் பிறகு ஊர் சுற்றுவது குறைந்தது, சண்டை குறையவில்லை. பெயின்ற் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டித்தான் தையலைக் காப்பாற்றினோம். சீன வெடிக்கு நடுங்குவான், தீபாவளி இரவு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் குடும்பமாகப் போகும்போது யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. மூன்று வருடமாக அந்த ஒருவர் நான்.

காவலுக்கு வேண்டுமென்றால் இதை எடுக்காதீர்கள். குரைத்துச் சொல்வான், தடுக்க மாட்டான். மடியில் வைத்துக் கொஞ்ச மட்டும் வேண்டுமென்றாலும் எடுக்காதீர்கள். பகலில் அவனுக்கு வேலை இருக்கிறது. நாள் முழுக்கக் கூட்டில் போடும் எண்ணமிருந்தால் கூடு தாங்காது, காதும் தாங்காது. நெல் மூடையும் கொஞ்ச நிலமும் இரவில் முக்கால் மணி நேரமும் இருக்கிறவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

இப்போது பின்பல் ஒன்று மஞ்சளாகி ஆடுகிறது. அடுத்த முறை யாழ்ப்பாணம் போகும்போது காட்ட வேண்டும். அம்மா மத்தியானத்தில் நான் இல்லாதபோது அப்பளம் கொடுக்கிறார் என்பது முற்றத்துத் துகளில் தெரிகிறது. கேட்டால் காகம் போட்டது என்கிறார். ஐப்பசி மழையில் மண் இளகி வேலியோரம் இரண்டு தகரம் சாய்ந்துவிட்டது. நேற்று அந்த இடத்தில் ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி தலையைச் சரித்துக்கொண்டு நின்றான். இந்த ஞாயிறு மண்வெட்டியோடு எனக்கு வேலை இருக்கிறது.