ஃபீச்சர் ஃப்ளாக்குக்கு ஒரு டேபிள் போதுமா? நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளுக்கு பில்லிங், ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பழம் பறிப்போரின் எடையைப் பதிய ஒரு மொபைல் ஆப். இரண்டுக்கும் ஒரே சர்வர், ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஃபீச்சர் ஃப்ளாக்குகளும், அதாவது கோடை மாற்றாமலே ஒரு வசதியைத் திறக்கவும் அணைக்கவும் உதவும் சுவிட்சுகளும், அதிலேயே ஒரு டேபிளில் இருக்கின்றன. இந்த அளவு வேலைக்குத் தனிச் சேவைக்கு மாதச் சந்தா கட்டத் தேவையே இல்லை. ஆனால் டேபிளை உருவாக்குவது பத்து நிமிட வேலை. அதைச் சரியாகப் படிப்பதில்தான் சிக்கல்கள்.

டேபிளில் ஆறு நெடுவரிசை: பெயர், இயக்கம் (திறந்ததா, அணைந்ததா), சதவீதம், பொறுப்பாளர், காலாவதித் தேதி, கடைசியாக மாற்றிய நேரம். யார் எப்போது மாற்றினார்கள் என்பது டிரிகர் (வரி மாறும்போது டேட்டாபேஸ் தானாகச் செய்யும் வேலை) வழியாக இன்னொரு டேபிளுக்குப் போகட்டும். ராத்திரி பில் தப்பாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஒவ்வொரு ஃப்ளாக்குக்கும் ஒரு குவரி அனுப்பாதீர்கள். மொத்தமே சில டஜன் வரிகள்தான். முழு டேபிளையும் ஒரே குவரியில் எடுத்து மெமரியில் வைத்து, 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். மாற்றம் உடனே தெரிய வேண்டுமென்றால் காத்திருக்கும் சர்வருக்குச் செய்தி அனுப்பும் போஸ்ட்கிரெஸின் நோட்டிஃபை இருக்கிறது. செய்தி 8000 பைட்டுக்குள் அடங்க வேண்டும், ஆகவே ஃப்ளாக் பெயரை மட்டும் அனுப்புங்கள். நடுவில், டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் டிரான்சாக்‌ஷன் முறையில் இருந்தால் அந்தச் செய்தியைக் கேட்கும் லிசன் வேலை செய்யாது; அதற்கென்று ஒரு நேரடி கனெக்‌ஷன் வேண்டும். அந்த கனெக்‌ஷன் அறுந்திருந்த நேரத்தில் வந்த செய்திகள் திரும்ப வராது. எனவே நோட்டிஃபை வைத்தாலும் 30 விநாடிப் புதுப்பிப்பை எடுத்துவிடக் கூடாது.

டேட்டாபேஸ் கிடைக்காதபோது மெமரியில் இருக்கும் கடைசி நகலையே தொடருங்கள். நகலே இல்லாமல் சர்வர் எழுந்தால் மட்டும் கோடில் எழுதிய இயல்பு மதிப்பு. அது எப்போதும் பழைய நடத்தையாகவே இருக்க வேண்டும்.

ஒரு வசதியை முதலில் சில சதவீதக் கடைகளுக்கு மட்டும் திறக்கும் சதவீத முறையில்தான் அதிகம் கவனம் தேவை. ஃப்ளாக் பெயரையும் அடையாள எண்ணையும் சேர்த்து ஹாஷ் செய்து (ஒரு எண்ணாக மாற்றி), 100-ஆல் வகுத்த மீதியைப் பாருங்கள்; அது சதவீதத்தைவிடக் குறைவென்றால் வசதி திறக்கும். பெயரைச் சேர்க்காவிட்டால் ஒவ்வொரு புது வசதிக்கும் அதே கடைகள்தான் சோதனைக்கு மாட்டும். பைத்தானின் உள்ளமைந்த ஹாஷ் இதற்கு உதவாது, 3.3 பதிப்பிலிருந்து எழுத்துச்சரத்தின் ஹாஷ் ஒவ்வொரு பிராசஸிலும் மாறுகிறது. நான்கு வொர்க்கர் பிராசஸ் ஓடினால் ஒரே கடைக்கு நான்கு விதப் பதில் வரலாம். எங்கும் ஒரே எண்ணைத் தரும் சிஆர்சி32 ஹாஷ் போதும், ரூபி மொழியின் ஃப்ளாக் லைப்ரரியான ஃப்ளிப்பரும் அதைத்தான் பயன்படுத்துகிறது.

அடையாள எண் என்பது பயனர் எண் அல்ல, கடை எண். சேதாரத்தை ரவுண்டு செய்யும் முறையை மாற்றும் ஃப்ளாக்கைப் பயனர்வாரியாகத் திறந்தால், ஒரே கொலுசுக்கு ஒரு கவுண்டரில் ஒரு தொகையும் பக்கத்துக் கவுண்டரில் வேறு தொகையும் வரும். வாடிக்கையாளர் அங்கேயே நின்று கேட்பார், நியாயமாகவே. பைத்தானின் ஜாங்கோவுக்கான ஃப்ளாக் லைப்ரரியான வாஃபிளின் சதவீதத் தேர்வு குக்கியில் பதிவதால், பிரவுசருக்கு பிரவுசர் மாறும். கடைக்கணக்குக்கு அது ஒத்துவராது.

ஒரு ரிக்வெஸ்ட் தொடங்கும்போதே ஃப்ளாக் மதிப்புகளை ஒருமுறை எடுத்து, முடியும்வரை அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கணக்கிட்டது பழைய முறை, அச்சிட்டது புது முறை என்றாகிவிடும். பிறகு செய்வதற்காக க்யூவில் போகும் வேலைக்கு அந்த மதிப்பையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

மலைமேல் நிலைமை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனபின் சில தோட்டங்களில் சிக்னலே கிடையாது. காலையில் பதிந்த எடை, சாயங்காலம் பங்களாப் பக்கம் வந்த பிறகுதான் சர்வருக்கு ஏறும். சேலத்தில் உட்கார்ந்து ஃப்ளாக்கை அணைத்தால் அதுவரை போனுக்குத் தெரியாது. ஆகவே பதிவின் வடிவம் மாறும் வசதியில், போனில் இருக்கும் ஃப்ளாக்கை நம்பக் கூடாது. ஒவ்வொரு பதிவும் தன் வடிவ எண்ணைச் சுமந்து வரட்டும். சர்வர் பழசு, புதுசு இரண்டையும் ஏற்கட்டும். அவசரமாக நிறுத்தும் சுவிட்ச் சர்வர் வாங்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். நிறுத்தினாலும் வந்த எடையைத் தள்ளிவிடாமல் ஓரமாகச் சேமித்து வையுங்கள். அது ஒருவருடைய அன்றைய கூலி.

பழைய ஃப்ளாக் பெயரை மறுபடி எடுத்துப் பயன்படுத்தவே கூடாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில், எட்டு சர்வரில் ஒன்றுக்கு மட்டும் புது கோடு போகவில்லை. மறுபடி பயன்படுத்திய ஃப்ளாக், அதில் கிடந்த பழைய கோடை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

காலாவதித் தேதி இல்லாமல் வரி சேர்க்க முடியாதபடி டேபிளிலேயே கட்டாயமாக்குங்கள். தேதி தாண்டினால் பில்டு (கோடைத் தொகுத்து வெளியீட்டுக்குத் தயாராக்கும் படி) நிற்கட்டும். நீக்கும்போது முதலில் கோடு, எல்லா சர்வருக்கும் போய்ச் சேர்ந்த பிறகே டேபிள் வரி. மாற்றிச் செய்தால் இயல்பு மதிப்பு வந்து, மாதக்கணக்கில் ஓடிய புது வசதி சட்டென்று அணைந்துவிடும். தோட்டத்துப் போன்களில் பழைய ஆப் பதிப்பு ஒன்று மீதமிருந்தாலும் அந்த வரி அப்படியே இருக்கட்டும்.